கரன்ட் போய் வந்த பிறகு எது எழுந்து நிற்கும்: லினக்ஸா, பிஎஸ்டியா?

ஆற்காட்டிலிருந்து ஒரு கேள்வி, 4 மே 2025

அக்கா, வீட்டு டெஸ்க்டாப்புக்கு லினக்ஸைவிட ஃப்ரீபிஎஸ்டி நல்லது என்று போன வருஷம் எழுதியிருந்தீங்க. எங்க வீட்டில் இரண்டு மெஷின். ஒன்று எங்க அக்கா பிளஸ் டூ படித்தபோது கொடுத்த விலையில்லா மடிக்கணினி, 2 ஜிபி ரேம். இன்னொன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி. அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிற்கப்போகுது. அப்பாவின் கடைக் கணக்கு, தங்கச்சியின் காலேஜ் வேலை, நான் புரோகிராமிங் கற்றுக்கொள்வது எல்லாம் இந்த இரண்டில்தான். இரண்டிலும் ஃப்ரீபிஎஸ்டி போடலாமா? இல்லை உபுண்டு, டெபியன், மின்ட்தானா? ஓப்பன்பிஎஸ்டிதான் பாதுகாப்பு என்கிறார்களே, அது?

4 மே 2025, இரவு

ஆமாம் தம்பி, எழுதினேன். இன்றும் அதையேதான் சொல்வேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி எல்லாம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளங்கள்; உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றும் லினக்ஸின் வகைகள். என் காரணம் இசட்எஃப்எஸ், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் அதன் முறை (ஃபைல் சிஸ்டம்).

குடியாத்தத்தில் எங்கள் டைப்பிங் கடையில் நான்கு சிஸ்டம். மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, மொய்க் கணக்கு, ரெஸ்யூம் என்று 2009-லிருந்து சேர்ந்த ஃபைல் அத்தனையும் உள் அறையில் இருக்கும் மெஷினில். அதில் ஃப்ரீபிஎஸ்டி.

2019-இல் அதில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. ஏப்ரல் மாதம், அறைக்குள் அனல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரப் ஓட்டினேன். ஸ்க்ரப் என்றால், டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு துண்டையும் படித்து, எழுதிய நாளில் போட்டு வைத்த செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மூன்று மணி நேரம் ஓடி முடிந்ததும் நிலவரம் கேட்டேன். கடைசி வரியில் ஒரு ஃபைலின் முழுப் பாதையும் பெயரும் வந்து நின்றது. 2016-இல் அடித்த ஒரு நிலக் குத்தகை ஒப்பந்தம். ஒரே டிஸ்க் என்பதால் அதைச் சரிசெய்ய அதனிடம் நகல் இல்லை. ஆனால் எது கெட்டது என்று பெயர் சொல்லிவிட்டது. பென் டிரைவில் இருந்த பழைய நகலை எடுத்துப் போட்டேன். மறு வாரமே இரண்டாவது டிஸ்க் வாங்கி ஜோடியாகக் கட்டினேன். 2022-இல் மறுபடி பிழை வந்தபோது, நல்ல டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துகொண்டது.

அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு ஆள் வரும் நாளில்தான் அது கெட்டுப்போனது தெரியும் என்றால், நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இதனால்தான் ஃப்ரீபிஎஸ்டி.

5 மே 2025

ராத்திரி அவசரத்தில் விட்டுவிட்டேன். 2 ஜிபி மடிக்கணினியில் இசட்எஃப்எஸ் வேண்டாம். படித்ததை எல்லாம் ரேமில் வைத்துக்கொள்ளப் பார்க்கும், பிரவுசரோடு இடத்துக்குப் போட்டி போடும். ஃப்ரீபிஎஸ்டி நிறுவும்போது யுஎஃப்எஸ் என்ற பழைய வகையையும் காட்டும். அந்த மெஷினுக்கு அதுதான். இல்லை, அந்த மெஷினையே கொஞ்ச நாள் தள்ளி வை. தனியாகப் பேசுவோம்.

7 மே 2025

ஆம்பூரிலிருந்து ஒருவர் மறுக்கிறார்: "செக்சம் இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் சொந்தமா? ஃபெடோரா 2020-லிருந்து டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ்தானே போடுகிறது? ஓப்பன்சூசேயும் அப்படித்தான்."

சரிதான். பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டமும் செக்சம் பார்க்கும், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் கேட்காமல் வருவது எக்ஸ்ட்4. அது உள்ளடக்கத்துக்கு செக்சம் போடாது. ஆக என் காரணம் "ஃப்ரீபிஎஸ்டி" இல்லை, "ஃபைல் கெட்டால் சொல்லும் ஃபைல் சிஸ்டம்". இதைப் போன வருஷமே இப்படிப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவர் கேட்கிறார், இதெல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று. சுருக்கமாகச் சொல்கிறேன். 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம்தான் மூத்த வீடு. அந்த மூலநிரல் பெர்க்லி பல்கலைக்கழகம் போய் பிஎஸ்டி ஆனது. அதிலிருந்து 1993-இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் வந்தன. 1995-இல் தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். லினக்ஸ் அந்த வீட்டில் பிறந்ததில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, புதிதாக எழுதினார். மேலே வரும் கருவிகள் பெரும்பாலும் 1983-இல் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து. மேக்ஓஎஸ் கட்டளைக் கருவிகளில் பாதி ஃப்ரீபிஎஸ்டி வழி வந்தவை, 2007-லிருந்து அதற்கு யூனிக்ஸ் என்ற முறையான சான்றிதழே உண்டு.

வேலூரில் படிக்கும் ஒரு பெண் மேக் பற்றிக் கேட்டாள். காசு இருந்தால் வாங்கும்மா. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் கூடவே வருகின்றன, முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. வாங்கிய அன்றே தமிழ் அடிக்கலாம். எங்கள் கடை வருமானத்துக்கு அது ஆகாது, அதனால் அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு அனுபவம் இல்லை.

11 மே 2025

தம்பி டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி 14.2 போட்டுவிட்டான். வைஃபை ஆமை வேகம் என்கிறான்.

என் தவறு. எங்கள் கடையில் எல்லாம் கேபிள் வழி. அதனால் இதை நான் யோசிக்கவே இல்லை. புதிய இன்டெல் வைஃபை சில்லுகளை ஃப்ரீபிஎஸ்டி எடுத்துக்கொள்ளும், ஆனால் பழைய 802.11 ஜி வேகத்துக்கு மேல் இப்போது ஏறாது. தாளில் 54 மெகாபிட், கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. சிலர் உள்ளே ஒரு குட்டி லினக்ஸை மெய்நிகர் மெஷினாக ஓட்டி, வைஃபை கார்டை அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வைஃபைபாக்ஸ் என்று பெயர். வேலை செய்கிறது. ஆனால் உன் அப்பா உட்காரும் மெஷினில் அதைச் செய்யாதே. ரவுட்டரிலிருந்து பத்து மீட்டர் கேபிள் இழு.

16 மே 2025

நேற்று எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி ஒன்று. கவுண்டன்யா ஆற்றங்கரை முழுக்கத் தலைகள்தான். கடையை மதியமே சாத்தியிருக்க வேண்டும். அவசரமாக ஒரு பத்திரிகை வேலை இருந்ததால் திறந்து வைத்தேன். கரன்ட் ஆறு முறை போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரிக்கு நான்கு வயது, மூன்றாவது முறையிலேயே கைவிட்டது. நான்கு மெஷினும் நான்கு முறை பொத்தென்று அணைந்தன.

வேண்டுமென்றே செய்ய மனம் வராத சோதனை தானாக நடந்துவிட்டது. பார்த்ததை எழுதுகிறேன்.

உள் அறை ஃப்ரீபிஎஸ்டி, இசட்எஃப்எஸ்: எதுவுமே நடக்காததுபோல் எழுந்தது, நான்கு முறையும். பழைய துண்டின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே இடம் காட்டும் குறியை மாற்றுகிற முறை அது. பாதியில் நின்றால் பழையது அப்படியே இருக்கும்.

டெபியன், எக்ஸ்ட்4: ஜர்னலை (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவை) மீட்கிறேன் என்று ஒரு வரி, ஓரிரு விநாடி, அப்புறம் லாகின் திரை.

வாசல் பக்க மெஷின், ஓப்பன்பிஎஸ்டி, 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க்: அதன் ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் கிடையாது. ஒவ்வொரு முறையும் முழுப் பகுதியையும் சோதித்துவிட்டுத்தான் எழும். முதல் மூன்று முறை பொறுமையாகச் சோதித்து எழுந்தது. நான்காவது முறை, எதிர்பாராத முரண்பாடு, கையால் சோதனை ஓட்டு என்று சொல்லி, வெறும் கட்டளைக் குறியோடு நின்றுவிட்டது. கடையில் வேலை செய்யும் பெண் என்னைப் பார்த்தாள், நான் திரையைப் பார்த்தேன். என்டர் தட்டி, சோதனைக் கட்டளையை எல்லாவற்றுக்கும் ஆம் என்று கொடுத்து ஓட்டி, பதினைந்து நிமிடம் நின்றேன். அடித்துக்கொண்டிருந்த பத்திரிகை அதன் இடத்தில் இல்லை. தொலைந்து கிடைத்தவை போடும் அடைவில், பெயர் போய், வெறும் எண்ணாகக் கிடந்தது. திறந்து பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள் வரை இருந்தது. முகூர்த்த நேரத்திலிருந்து மறுபடி அடித்தோம்.

17 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் நியாயமாக இல்லை. அந்த வாசல் மெஷின் டிஸ்க்தான் நான்கிலும் பழையது. அதே டிஸ்க்கில் எக்ஸ்ட்4 இருந்திருந்தாலும் ஏதாவது போயிருக்கலாம். ஆனால் ஜர்னல் இல்லாதது உண்மை. 2023-இல் வந்த ஓப்பன்பிஎஸ்டி 7.4-இல், பாதியில் அணைந்தாலும் குழம்பாதபடி வரிசையாக எழுதும் சாஃப்ட் அப்டேட்ஸ் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நிரலை எளிமையாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கரன்ட் போகாத ஊரில் அது நல்ல கொள்கை.

எந்த ஃபைல் சிஸ்டமும் சேமிக்காத எழுத்தைக் காப்பாற்றாது, அதையும் சேர்த்துச் சொல்கிறேன். லிப்ரே ஆஃபீஸில் தானாக மீட்புப் பதிவு எடுக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று வரும். அமைப்பில் போய் 2 ஆக்கு. நான்கு மெஷினிலும் இன்று காலை முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

யுபிஎஸ் வாங்கினால் யுஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்து வாங்கு. நட் என்ற மென்பொருள் லினக்ஸிலும் பிஎஸ்டிகளிலும் ஓடும். பேட்டரி இறங்குகிறது என்று யுபிஎஸ் சொன்னதும் சிஸ்டத்தை ஒழுங்காக மூடிவிடும். இங்கே கடைகளில் விற்கும் விலை குறைந்த யுபிஎஸ்கள் பலவும் ஒரே மெகாடெக் மொழியைப் பேசுபவை, அதற்கும் அதில் டிரைவர் உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும், டெஸ்க்டாப் அணையாமல் தாங்கலாம்.

29 மே 2025

நேற்றோடு கத்திரி முடிந்தது. இனி கொஞ்சம் நிதானமாக எழுதலாம். தமிழ் தட்டச்சு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதனோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. அதில் தமிழ்99 இருக்கிறது, ஒலிபெயர்ப்பு இருக்கிறது, இன்ஸ்கிரிப்ட் இருக்கிறது, இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கான பழைய தட்டச்சு வரிசையும் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே ஐபஸ் ஓடும், தொடக்கக் கோப்பில் மூன்று நான்கு வரி கையால் சேர்க்க வேண்டும்.

ஓப்பன்பிஎஸ்டியில் நான் எக்ஸ் என்ற திரை மென்பொருளின் சொந்த விசைப்பலகை அமைப்பையே பயன்படுத்தினேன். தமிழ்நெட் 99 என்று அதில் ஒரு வகை உண்டு, எக்ஸ் ஓடும் சிஸ்டத்தில் வேறு எதையும் நிறுவாமல் கிடைக்கும். ஆனால் அது விசைகளின் இடத்தை மட்டும்தான் தருகிறது. தமிழ்99-இன் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் அம்மா என்று புள்ளி தானாக விழ வேண்டும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த அமைப்பால் அதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைத்து அடித்தேன். ஒரு பக்கத்துக்குமேல் முடியவில்லை.

வரிசைப்படுத்தல். இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் மொய்க் கணக்கை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி, அகர வரிசையில் அச்சடித்துக் கேட்கிறார்கள். அடுத்த விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே, பெயர் உடனே கிடைக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியில் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை கொடுத்தால் மணி, மனோகரி, மரகதம், மலர்விழி என்று வரும். எழுத்துகளுக்கு யூனிகோட் தரும் எண் வரிசையில் ன என்பது ர-வுக்கு முன்னால் நிற்பதால் வரும் வினை. ஓப்பன்பிஎஸ்டி மொழிவாரி வரிசையை வைத்துக்கொள்வதில்லை. டெபியனில் தமிழ் லொக்கேலை (மொழி அமைப்பை) போட்டுவிட்டு அதே கட்டளை கொடுத்தால் மணி, மரகதம், மலர்விழி, மனோகரி. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து, மனோகரி கடைசியில் வருவதுதான் சரி. முந்நூறு பெயர் உள்ள பட்டியலில் ஒரு பாட்டி விரலை வைத்துத் தேடும்போது, பெயர் அதன் இடத்தில் இல்லை என்றால் "நாங்க செஞ்ச மொய்ய எழுதலையா?" என்று மனஸ்தாபமே வந்துவிடும்.

பழைய பாமினி, வானவில் ஃபைல்களோடு வருபவர்களுக்கு: அந்த எழுத்துருவை வீட்டு அடைவில் போட்டால் எந்தச் சிஸ்டத்திலும் படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசியுங்கள், எண்களும் அடைப்புக்குறிகளும் இடம் மாறும்.

8 ஜூன் 2025

தம்பிக்குப் பிரிண்டர் சிக்கல். வேலை வரிசையில் முடிந்தது என்று காட்டுகிறதாம், தாள் நகரவே இல்லையாம். மாடலைக் கேட்டதும் புரிந்தது. ஜெராக்ஸ் கடை தோறும் இருக்கும் அந்தச் சின்ன லேசர் வகை. எங்களிடமும் ஒன்று இருக்கிறது.

அந்தப் பிரிண்டர் தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் மென்பொருளை, தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் விளக்கு எரியும், அச்சு வராது. லினக்ஸில் தயாரிப்பாளரின் தொகுப்பும் அதன் பிளகினும் போட்டுவிட்டால் இது திரைக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. அந்த பிளகின் லினக்ஸுக்கு மட்டும்தான். ஃப்ரீபிஎஸ்டியில் ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற திறந்த டிரைவரை நிறுவி, ஃபர்ம்வேர் ஃபைலை யுஎஸ்பி பிரிண்டர் முனைக்கு கேட் கட்டளையால் தள்ளினேன். பிரிண்டர் ஒருமுறை கரகரவென்று சுழன்று அமைதியானது. அப்புறம் தாள் வந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் கரன்ட் போய் வந்ததும் பழையபடி. பிரிண்டர் எல்லாவற்றையும் மறந்திருந்தது. கடைசியில், பிரிண்டர் இணைந்ததும் அந்தக் கட்டளை தானே ஓடும்படி, சாதனங்கள் இணைவதைக் கவனிக்கும் டெவ்டி அமைப்பில் ஒரு விதி எழுதினேன். தம்பி, அந்த ஆறு வரியை உனக்கு அனுப்பிவிட்டேன்.

புதிதாக வாங்குபவர்கள் டிரைவர் இல்லாமல் ஐபிபி என்ற பொது அச்சு முறை வழியே அச்சடிக்கும் பிரிண்டர் வாங்குங்கள். அப்போது லினக்ஸா பிஎஸ்டியா என்ற கேள்வியே அச்சு விஷயத்தில் இல்லாமல் போகிறது.

14 ஜூன் 2025

மே 11 குறிப்பைத் திருத்துகிறேன். ஃப்ரீபிஎஸ்டி 14.3 இந்த வாரம் வந்துவிட்டது. இன்டெல் சில்லுகளுக்கு 802.11 என், ஏசி வேகங்கள் வந்திருக்கின்றன. தம்பி மேம்படுத்திவிட்டு, கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டேன் என்று சொன்னான். ரொம்ப சந்தோஷம். கேபிளைத் தூக்கி எறியாதே.

2 ஜூலை 2025

ஓப்பன்பிஎஸ்டி பற்றி நான் கசப்பாக எழுதிவிட்டதாக வாணியம்பாடி நண்பர் வருத்தப்படுகிறார். எனக்கு அதன் மேல் கசப்பு இல்லை. நான் யூனிக்ஸ் கற்றதே அதன் கையேட்டுப் பக்கங்களில்தான். எந்தக் கட்டளையைக் கேட்டாலும் முழுமையான பக்கம், கடைசியில் ஓடிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. நாம் அத்தனை பேரும் தூரத்து மெஷினில் நுழையப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 1999-லிருந்து அவர்கள் தந்த கொடை. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்பதைப் பல வருஷமாகக் காப்பாற்றிவருகிறார்கள்.

ஆனால் வீட்டு மேசைக்கு? ஒரு நாள் ஓர் அம்மா மகளின் சாதிச் சான்றிதழை இணையத்தில் ஏற்ற வந்தார். ஸ்கேன் செய்து ஆவணங்கள் அடைவில் வைத்தேன். பிரவுசரில் ஏற்றப் போனால் அந்த அடைவு காலியாக இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது. உள்ளே போனால் இல்லை. அன்வெய்ல் என்ற பாதுகாப்பு, பிரவுசரின் கண்ணுக்கு டவுன்லோட்ஸ் அடைவை மட்டும் திறந்து காட்டுகிறது. பிரவுசரை யாராவது ஏமாற்றினாலும் உன் மற்ற ஃபைல்களைத் தொட முடியாது. மிக நல்ல யோசனை, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தெரியாதவருக்கு அது பேய் வேலையாகத் தெரியும். அதேபோல் மைக்கும் கேமராவும் பூட்டியே வரும். கெர்னல் அமைப்பில் இரண்டு மதிப்பை மாற்றினால்தான் ஆன்லைன் வகுப்பில் உன் குரல் கேட்கும். புளூடூத்தை 2014-லேயே எடுத்துவிட்டார்கள், ஹெட்செட் இணையாது.

இதையெல்லாம் தெரிந்து, ஒப்புக்கொண்டு உட்காருபவருக்கு அது அருமையான சிஸ்டம். உன் தங்கச்சியைக் கேட்காமல் அவள் மெஷினில் போடாதே.

20 ஜூலை 2025

மே 4-ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

போன வாரம் அம்மாவுக்குச் செக்கப், வேலூரில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து போன். "அக்கா, கஸ்டமர் பென் டிரைவ் போட்டா எதுவும் வரல." ஜூன் மாதம்தான் முன் மேசை மெஷினிலும் ஃப்ரீபிஎஸ்டி போட்டிருந்தேன். என் வாதத்தை நானே முழுசாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பென் டிரைவ் 64 ஜிபி, எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம். லினக்ஸ் கெர்னலில் 2019-இல் வந்த 5.4 முதல் எக்ஸ்ஃபேட் உள்ளேயே இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் இல்லை, ஃபியூஸ் என்ற இணைப்புப் பகுதி வழியாகத் தனித் தொகுப்பு போட வேண்டும். தொகுப்பைப் போட்டிருந்தேன், ஃபியூஸ் பகுதியை மெஷின் எழும்போது ஏற்றும் வரியைச் சேர்க்க மறந்திருந்தேன்.

டோக்கன் எண் எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒரு காது, போனில் ஒரு காது. "கருப்புத் திரையைத் திற. சூ என்று அடி. எஸ், யு. பாஸ்வேர்டு கேட்கும்." இருபது நிமிடம். பாதியில் அந்தப் பெண், "அவரு போயிட்டாருக்கா, பக்கத்துக் கடையில பாத்துக்கறாராம்" என்றாள். குரல் தழுதழுத்தது. அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு உபுண்டு தெரியும், தெருமுனை சர்வீஸ் கடையில் மின்ட் போட்டுத் தருகிறார்கள். டெபியனாக இருந்திருந்தால் அவள் எழுந்து போய்க் கேட்டிருப்பாள். அந்தப் பையனும் வந்து பார்த்திருப்பான். ஃப்ரீபிஎஸ்டி தெரிந்த ஒரே ஆள் நான், நானும் அன்று ஊரில் இல்லை. தினசரி மேசைக்கான சிஸ்டத்தை எடைபோடும்போது கெர்னல், ஃபைல் சிஸ்டம் எல்லாம் பார்த்தேன், நான் இல்லாதபோது அவள் யாரைக் கேட்பாள் என்பதைப் பார்க்கவில்லை.

இப்போது மாற்றிவிட்டேன். ஆள் உட்காரும் இரண்டு மேசையிலும் டெபியன். உள் அறையில் ஃப்ரீபிஎஸ்டி அப்படியே. மேசை மெஷின்கள் ஃபைலை நெட்வொர்க் வழியாக அதில்தான் சேமிக்கின்றன, மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட். ஓப்பன்பிஎஸ்டி மெஷின் இப்போது சின்ன எஸ்எஸ்டியோடு இணைய வாசலில் ஃபயர்வாலாக நிற்கிறது. பிஎஃப் என்ற அதன் ஃபயர்வால் மென்பொருளுக்கு விதிகள் பன்னிரண்டு வரி. டிஸ்க்கின் பெரும்பகுதியைப் படிக்க மட்டும் என்று ஏற்றியிருப்பதால் கரன்ட் போனாலும் சோதிக்க அதிகமில்லை.

17 ஆகஸ்ட் 2025

அந்த 2 ஜிபி மடிக்கணினிக்கு வருவோம். டெபியன் 13 இந்த மாதம் 9-ஆம் தேதி வந்தது. முதலில், மெஷின் 64 பிட்தானா என்று பார்த்துக்கொள். 32 பிட் மெஷின்களுக்கான நிறுவியும் கெர்னலும் 13-இல் இல்லை. உன் மாடல் 64 பிட், பிரச்சினை இல்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடு, அந்த ஒரு மாற்றம் எந்த சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பதையும்விடப் பெரிது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச் சூழல் போடு. இசட்ரேம் போட்டால் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்து இடம் உண்டாக்கும். இன்னொன்று: 13-இல் தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் அடைவு ரேமில் உட்காருகிறது, ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஸ்கேன் எடுத்தால் 2 ஜிபி மெஷின் திணறும். சிஸ்டத்தைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் டெம்ப் மவுன்ட்டை முடக்கிவிட்டால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, 2007-இல் முதல் வெளியீடு, அடித்தளம் டெபியன்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் பூட் திரையில் அந்தப் பெயரைப் பார்த்து, என்னவென்று கேட்க எங்கள் கடைக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு பையனுக்குக் காட்டிக் கொடுக்கத்தான் நானே முதலில் டெர்மினலைத் திறந்தேன். அதனால் உங்க அக்காவின் மெஷினில் மறுபடி டெபியன் ஏறுவது எனக்குத் தனி சந்தோஷம்.

24 ஆகஸ்ட் 2025

தம்பி எழுதியிருக்கிறான். மடிக்கணினி தங்கச்சிக்கு, டெபியன், தமிழ்99 ஓடுகிறது. அப்பாவின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால், இணையம் இல்லாத மெய்நிகர் மெஷினில் வைத்திருக்கிறான், சரியான முடிவு. டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டியை எடுக்கமாட்டேன் என்கிறான். "நீங்க வாபஸ் வாங்கினாலும் எனக்குப் பிடிச்சிருக்குக்கா."

வைத்துக்கொள். உன் வீட்டில் நீதான் எப்போதும் இருக்கிறாய், கேட்க ஆள் இருக்கிறது. குறித்த காலத்தில் வேலைகளை ஓட்டும் பீரியாடிக் அமைப்பில் ஸ்க்ரப்பை இயக்கி வை, 35 நாளுக்கு ஒருமுறை தானே ஓடும். ஃபியூஸ் வரியையும் இன்றே சேர்த்துவிடு. உன்னிடம் இருப்பது ஒரே டிஸ்க், கெட்டால் பெயர் மட்டும்தான் சொல்லும். என்னிடம் 1 டிபி டிஸ்க் ஒன்று சும்மா இருக்கிறது. புதன்கிழமை இங்கே பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரன்ட் இருக்காது, வியாழன் காலையில் வா. டெஸ்க்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தால் இங்கேயே ஜோடி கட்டிவிடலாம்.